நாலத்தனையாய்த் திரும்பக் கொடுத்தவன்

(லெந்துகாலக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,

திருவிருந்துக்கு முன் நாம் எல்லோரும் முழங்கால்படியிட்டு ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்கிறோம். சிறுவயது முதல் சொல்லிப் பழகியதால் அந்த வார்த்தைகள் நாவில் தாமாகவே வந்து விழுகின்றன. அப்படி விழும் சொல் எப்போது மனந்திரும்புதலாகிறது என்பதையே இந்த மாலையில் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

சவுல் ராஜாவும் "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்னவன்தான். ஆனால் அதே மூச்சில், ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசியான சாமுவேலைக் கேட்டுக்கொண்டான். பாவம் உறுத்தியதைவிட மரியாதை போய்விடுமே என்ற பயம்தான் அவனைப் பேசவைத்தது.

அவனுக்குப்பின் ராஜாவான தாவீதின் கதை இன்னும் கொடியது. தன் போர்ச்சேவகன் உரியாவின் மனைவி பத்சேபாளோடு அவன் விபசாரம் செய்தான்; அவள் கர்ப்பவதியானதும், அதை மறைக்க உரியாவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தான். ரப்பா முற்றுகையிலிருந்து வரவழைக்கப்பட்ட உரியா, தோழர்கள் வெளியிலே பாளயமிறங்கியிருக்கையில் தான் மட்டும் வீட்டுக்குப் போய்ச் சுகித்திருக்க மாட்டேன் என்று அரண்மனை வாசலில் சேவகரோடு படுத்துறங்கினான். தன் மரணத்தைக் கட்டளையிட்ட கடிதத்தைச் சேனாபதி யோவாபிடம் அவனே தன் கையால் சுமந்துகொண்டு போனான். அதன்பின் பத்சேபாள் பிள்ளை பெறும்வரை, மாதக்கணக்கில், தாவீது வாய் திறக்கவில்லை. தீர்க்கதரிசியான நாத்தான் வந்து, ஓர் ஏழையின் மடியில் படுத்து, அவன் பாத்திரத்திலே குடித்து, அவனுக்கு மகளைப்போல வளர்ந்த ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோது, அதைப் பறித்துச் சமைத்த ஐசுவரியவான் நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, திரும்பக் கொடுக்கவேண்டும் என்று ராஜா கொதித்தெழுந்து தீர்ப்பளித்தான். "நீயே அந்த மனுஷன்" என்ற பதில் அப்போதுதான் வந்தது.

சவுலைப்போல அவன் சாக்கு எதுவும் சொல்லவில்லை. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றதும், கர்த்தர் அவன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று நாத்தான் அறிவித்தார். ஆனாலும் உரியா திரும்பி வரவில்லை. பிறந்த பிள்ளையும் மரித்தது. தன் வாயாலே விதித்த அந்த நாலத்தனையை யாரிடம் கொண்டுபோய்ச் செலுத்துவான்? கொலைக்கும் விபசாரத்துக்கும் ஈடாக மோசேயின் நியாயப்பிரமாணத்தில் பலியும் இல்லை. ஐம்பத்தோராம் சங்கீதத்தில் நொறுங்குண்ட இருதயத்தைத் தவிரக் கொண்டுவர ஒன்றுமில்லாதவனாக அவன் நிற்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அங்கே அவன் "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்று கெஞ்சுகிறான். பழுதுபார்த்துச் சரிசெய்யும் நிலையை அந்த இருதயம் தாண்டிவிட்டது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நூற்றாண்டுகள் பல கடந்தபின், எரிகோவில் அதே "நாலத்தனை" என்ற அளவை மறுபடியும் கேட்கிறோம். அங்கே வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவனும் ஐசுவரியவானுமாகிய சகேயு, குள்ளனானபடியால், இயேசுவைக் காணும்படி முன்னே ஓடிக் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்தான். தானாக முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமம் சொல்கிறது. ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் திருடனுக்கு விதித்த ஈடு. ஒருவரும் கேளாமலே நாலத்தனை கொடுக்க எழுந்து நின்ற சகேயு, தன்னைத் திருடன் என்று தானே சொல்லிக்கொண்டான். தாவீது வேறொருவன்மேல் சுமத்திய தீர்ப்பை இவன் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டான்.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டுகிறேன். அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் ஆண்டவர் அவன் வீட்டுக்கு வந்தார் என்றில்லை. மரத்தடியில் நின்று, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று அவரே முதலில் சொன்னார். ஊரார் முறுமுறுத்தார்கள். மன்னிப்பை விலைகொடுத்து வாங்க முடியாது என்று நாம் போதிப்பது சரியே. ஆனால் இலவசமாய்ப் பெற்றவனுடைய கை அதற்குப்பின் மூடியே இருக்குமானால், அவன் எதைப் பெற்றான் என்று எனக்குக் கேள்வி எழுகிறது.

எபிரெயத்தில் 'ஷூப்' என்ற சொல்லுக்குத் திரும்பிவருதல் என்றும், கிரேக்கத்தில் 'மெட்டனோயா' என்பதற்கு மனமாற்றம் என்றும் பொருள். நம் தமிழ் வேதாகமம் 'மனந்திரும்புதல்' என்று இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதை நினைத்து நான் பலமுறை தேவனைத் துதித்திருக்கிறேன். மனம் திரும்பினால் காலும் திரும்பும். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதும் கால்களுக்கு இட்ட கட்டளைதான்.

சகேயுவின் மறுநாளைப் பற்றி லூக்கா ஒன்றும் எழுதவில்லை. ஆனாலும் விடியற்காலையில் அவன் கணக்குச் சுருளை விரித்து, பேர் பேராய் விரல்வைத்துப் பார்த்து, பணப்பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவதாகவே நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கதவை அவன் தட்டுகிறான். மறுபடியும் வரி கேட்க வந்துவிட்டானோ என்று உள்ளே இருப்பவர்கள் பயந்துகொண்டே திறக்கிறார்கள்.