குடிவந்த பிறகு என்ன நடக்கும்?

வணக்கம் நேயர்களே. பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடத்தின் அருகே வீடு கட்டுகிறார்கள் என்றால், மரம் வெட்டுவதும் இயந்திர இரைச்சலும்தான் முதலில் நினைவுக்கு வரும். தெற்கு இங்கிலாந்தில் ஒரு விதி இருக்கிறது. கட்டுமான வேலையைவிட, ஆட்கள் குடிவந்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பற்றித்தான் அது அதிகம் கவலைப்படுகிறது.

லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே, ஹாம்ப்ஷைர், பெர்க்ஷைர் பகுதிகளில் திட்டுத்திட்டாகப் புதர்வெளிகள் உண்டு. ‘தேம்ஸ் பேசின் ஹீத்ஸ்’ என்று பெயர். மொத்தம் 8,000 ஹெக்டேருக்கும் மேல். பக்கி என்ற இரவுப் பறவை, காட்டு வானம்பாடி, டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவி ஆகிய மூன்று பறவைகளுக்காக 2005-இல் இதைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி ஆக்கினார்கள். கதிர்க்குருவி தாழ்ந்த புதர்களில் கூடு கட்டும். 1962-63 கடுங்குளிருக்குப் பிறகு பிரிட்டன் முழுவதும் பத்துச் சொச்சம் ஜோடிகளே மிஞ்சின என்றால், அது எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்று பாருங்கள்.

மற்ற இரண்டும் தரையில் முட்டையிடுபவை. அதிலும் பக்கி, ஆப்பிரிக்காவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்து, கூடு என்று எதுவும் கட்டாமல் வெறும் தரையில் இரண்டு முட்டை இடும். பகலெல்லாம் சருகோடு சருகாக அசையாமல் அடைகாக்கும். அவிழ்த்துவிட்ட நாய் ஒன்று பாதையை விட்டு விலகி மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தால் போதும், பறவை எழுந்துவிடும். முட்டை காகத்தின் கண்ணில் பட்டுவிடும். நாயைக் கூட்டி வந்தவருக்கு நடந்தது எதுவுமே தெரியாது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் சுற்றிலும் வீடுகள் பெருகப் பெருக இது தினமும் நடக்கிறது.

அதனால்தான் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தால் வாசலில் இறங்கியதும் புதர்வெளிதான். பூனைகளும் அங்கேதான் வேட்டைக்குப் போகும். பூனைக்கு வேலி கிடையாது. 400 மீட்டரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை கட்டலாம், நிபந்தனையோடு. புதிதாகக் குடிவரும் 1,000 பேருக்குக் குறைந்தது 8 ஹெக்டேர் மாற்றுப் பசுமைவெளி வேண்டும். அதற்கு அப்பால், 7 கிலோமீட்டர் வரை, பெரிய திட்டங்களை மட்டும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மாற்றுவெளிக்கான இலக்கணம். ஏதோ ஒரு புல்தரையைக் காட்டிக் கணக்கை முடித்துவிட முடியாது. 2.3 முதல் 2.5 கிலோமீட்டர் வரை சுற்றி வரும் நடைபாதை வேண்டும். நாயை அவிழ்த்துவிட இடம் வேண்டும். பெரிய வெளி என்றால் வண்டி நிறுத்தவும் வசதி வேண்டும். அதாவது, புதர்வெளிக்குப் போகாதே என்று சொல்வதோடு நிற்காமல், போக விரும்பும் இன்னொரு இடத்தைச் செய்து கொடுக்கிறார்கள். கூடவே, புதர்வெளியில் நின்று வருகிறவர்களிடம் பேசும் காவலர்களுக்கும் ஒவ்வொரு புது வீட்டின் பேரிலும் பணம் வசூலிக்கிறார்கள்.

ஒரே ஒரு வீடானாலும் இந்தக் கணக்கில் வரும். சிறிய கட்டுநர்களுக்கு இது சுமைதான், மறுக்கவில்லை. வீடு கிடைக்காமல் தவிக்கும் இளம் குடும்பங்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ‘ஒரு வீட்டால் என்ன ஆகிவிடும்’ என்று ஒவ்வொருவருக்கும் விலக்கு கொடுத்தால் விதியே இருக்காது. சேதம் ஒன்று ஒன்றாகத்தானே சேர்கிறது?

இப்படி ஒரு திட்டம் எங்கே வந்தாலும் நான் முதலில் கேட்பது தேதியைத்தான். மாற்றுவெளி எப்போது திறக்கும்? முதல் குடும்பம் வருவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். மக்கள் ஒரு பாதையில் நடந்து பழகிவிட்டால், அப்புறம் திறக்கும் பூங்காவால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். இரண்டாவது கேள்வி, பராமரிப்புப் பணம் யாரிடம், எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பது. வீடுகள் நிற்கும் காலம் முழுவதும் அந்த வெளியும் நடக்கத் தகுந்ததாக இருந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத திட்டத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. வணக்கம்.