கென்னடி: எங்கிருந்து வந்த பெயர்?

(திரையில்: ஜான் எஃப். கென்னடியின் கறுப்பு வெள்ளைப் படம்)

வணக்கம். தமிழ்நாட்டில் கென்னடி என்று பெயருள்ள எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அதிபரை நினைத்து வைத்த பெயர். அவருக்கோ அது குடும்பப் பெயர்; அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனது.

ஐரிஷ் மொழியில் இது ‘ஓ கினேடி’. ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். சரி, யார் அந்தக் கினேடி?

(திரையில்: அயர்லாந்து வரைபடம், ஷானன் ஆறு)

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஷானன் ஆற்றங்கரையில், கில்லலூ பக்கம் ஒரு அரச குலம் இருந்தது. அதில் பிறந்தவர்தான் பிரையன் போரு. அயர்லாந்தின் பேரரசராகி, 1014இல் கிளான்டார்ஃப் போரில் இறந்தவர். அவருடைய அப்பா பெயர் கினேடி. பிரையனின் அண்ணன் மகனுக்கும் அதே தாத்தா பெயர், நம் வீடுகளில் வைப்பது போல. இந்த அண்ணன் மகன் வழி வந்தவர்கள்தான் கென்னடிகள். பிரையன் வழி வந்தவர்கள் ஓபிரையன்கள். ஆக, இரு குடும்பமும் பங்காளிகள்! கென்னடிகள் அப்புறம் ஆற்றுக்குக் கிழக்கே நகர்ந்து, இன்றைய வடக்கு டிப்பரரியில் பல நூற்றாண்டுகள் குறுநில மன்னர்களாக இருந்தார்கள்.

(திரையில்: மூன்று தலைக்கவசங்கள் கொண்ட குலச்சின்னம்)

பொருளில்தான் சண்டை. முதல் பாதி ‘தலை’; அதில் தகராறு இல்லை. இரண்டாம் பாதியைக் ‘கவசம்’ என்று கொண்டால் ‘கவசத் தலையன்’. ‘அழகில்லாத’ என்று கொண்டால்... ‘அவலட்சணத் தலையன்’! குடும்பத்துக்கு எது பிடிக்கும் என்று சொல்லவா வேண்டும்? 1961இல் அயர்லாந்து அரசு அதிபருக்குக் கொடுத்த குலச்சின்னத்திலும் தலைக்கவசங்கள்தான். ஆனால் பெயரின் பழைய வடிவம் ‘கென்னேடிக்’; பழைய ஐரிஷில் ‘ஏடிக்’ என்றால் ‘அழகில்லாத’. அதைப் பார்த்தால், அவலட்சணத்தின் பக்கமே எனக்குச் சாயத் தோன்றுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் பல குடும்பங்கள் ‘ஓ’வைக் கைவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழிப்பற்று எழுந்தபோது ஓபிரையன்கள், ஓகானர்கள் பலர் அதைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கென்னடிகள் பெரும்பாலும் சேர்க்கவில்லை.

(திரையில்: வெக்ஸ்ஃபோர்டு பண்ணைவீடு)

அதிபரின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக் கென்னடி, பெரும்பஞ்ச காலத்தில் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் டங்கன்ஸ்டவுனை விட்டு பாஸ்டனுக்குப் போனவர். 1963 ஜூனில் அதிபர் அந்தப் பண்ணைவீட்டுக்கு வந்து உறவினர்களுடன் தேநீர் குடித்தார்.

எல்லாக் கென்னடிகளும் இந்த வழியல்ல. ஸ்காட்லாந்தின் எய்ர்ஷயரிலும் பெரிய கென்னடி குலம் ஒன்று உண்டு. இன்னொன்று, ஐரிஷ் மொழியில் ‘ஓ’ ஆண்களுக்கு மட்டும்தான். மகள் என்றால் ‘நீ ஹினேடி’. அதிபரின் மகள் கரோலைன் பெயரை ஐரிஷில் எழுதினால் அப்படித்தான் வரும்.