தோற்றவர்களை ரோம் என்ன செய்தது?

நண்பர்களே, வெற்றி தோல்வி பற்றிப் பேசச் சொன்னால் எல்லோரும் ஜெயித்தவன் கதையைத்தான் எடுப்பார்கள். நான் தோற்றுப்போன ஒரு படையின் கதையைச் சொல்கிறேன்.

கி.மு. 216. தெற்கு இத்தாலியில் கன்னே. ரோமானியர்கள் சுமார் 80,000 பேர். எதிரே, ரோமுடன் போரில் இருந்த வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜின் தளபதி ஹானிபாலிடம் ஏறக்குறைய 50,000 பேர். ஹானிபால் தன் நடுவரிசையைச் சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்க விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று ரோமானியர்கள் முண்டியடித்து உள்ளே நுழைந்தார்கள். இரண்டு பக்கமும் ஆப்பிரிக்கக் காலாட்படை மடக்கியது. முதுகுப்புறம் குதிரைப்படை வந்து அடைத்தது. நெரிசலில் வாளை ஓங்கக்கூட இடமில்லை. கூட்டமே எமனாகிவிட்டது.

அன்று ரோமின் இரண்டு கான்சல்களில், அதாவது ஆட்சியையும் படையையும் நடத்தும் உச்சப் பதவியாளர்களில், பவுலஸ் களத்திலேயே மாண்டார். இன்னொருவர், வாரோ, தப்பி வந்தார். ரோம் நகரம் அவரைத் திரண்டு வந்து வரவேற்றது. ‘நாட்டின் மீது நம்பிக்கை இழக்காமல் திரும்பினாரே’ என்று நன்றி சொன்னது. பெருந்தன்மைதான், ஒப்புக்கொள்கிறேன். பேச்சாளர்கள் வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுவார்கள்.

சரி, தப்பி வந்த சாதாரண சிப்பாய்கள்? அவர்களைச் சிசிலிக்கு அனுப்பினார்கள். போர் முடியும்வரை ஊர்ப்பக்கம் வரக் கூடாது. தளபதிக்கு மாலை, சிப்பாய்க்கு நாடு கடத்தல்! அவர்கள் சும்மா இருக்கவில்லை. அங்கே வந்த தளபதி மார்செல்லஸிடம் முறையிட்டார்கள். ‘எங்களைச் சண்டைக்காவது அனுப்புங்கள்’ என்பதுதான் கோரிக்கை. அவர் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டுக்கு எழுதினார். வேண்டுமானால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் எவ்வளவு வீரம் காட்டினாலும் விருது தரக் கூடாது என்று பதில் வந்தது. தோற்றவனை இதைவிட அவமானப்படுத்த முடியுமா?

அப்புறம் கி.மு. 205-இல் ஸ்கிபியோ கான்சலாகிச் சிசிலிக்கு வந்தார். கன்னேயில் இளம் அதிகாரியாக நின்று உயிர் தப்பியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே அந்தத் தோல்விக்குக் கோழைத்தனம் காரணமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கிவைக்கப்பட்ட அந்த ஆட்களை அனுபவசாலிகளாகப் பார்த்தார். கிழடு தட்டியவர்களைக் கழித்துவிட்டு, மற்றவர்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்.

கி.மு. 202-இல் வட ஆப்பிரிக்காவின் சாமாவில் ஹானிபால் யானைகளை ஏவினார். ஸ்கிபியோவோ தன் வரிசைகளுக்கு நடுவே சந்து விட்டு நிறுத்தியிருந்தார். யானைகள் பல அந்தச் சந்து வழியே ஓடிப்போயின. காலாட்படைகள் மோதி, எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நேரத்தில், எதிரிக் குதிரைகளைத் துரத்திப் போயிருந்த ரோமானியக் குதிரைப்படையும், ரோமின் கூட்டாளியான வட ஆப்பிரிக்க நுமிதிய மன்னர் மசினிசாவின் குதிரைப்படையும் திரும்பி வந்தன. இந்த முறை முதுகில் அடி வாங்கியது ஹானிபாலின் படை.