பழுது பார்க்க வந்தவர் எடுத்த படம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் ஏசி மெக்கானிக்குகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் ஏணியையும் தண்ணீர் பம்பையும் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினால், விளக்கு வைத்த பிறகும் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் அந்தத் தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்பேனரைப் பற்றியும் கேஸ் பிரஷரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசச் சொன்னாலும் பேசுவேன். ஆனால் இன்று பேச வந்தது அந்தப் பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனைப் பற்றி.

வீடுகளில் ஏசி பெரும்பாலும் எங்கே இருக்கிறது? படுக்கையறையில், கட்டிலுக்கு மேலே. மெக்கானிக் உள்ளே வருகிறார், மூடியைக் கழற்றுகிறார், போனை எடுத்து நான்கைந்து படம் எடுக்கிறார். வீட்டுக்காரம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதற்கு என்று கேட்க அவருக்குத் தயக்கம். கேட்டால் தம்பி தன்னைச் சந்தேகப்படுவதாக நினைத்து வருத்தப்படுவாரோ என்ற எண்ணம். தம்பிக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவருக்கு அது தினமும் செய்கிற வேலை. இருவரும் நல்லவர்கள். ஆனாலும் கேட்காமலும் சொல்லாமலும் ஒரு குடும்பத்தின் படுக்கையறை வெளியே போய்விடுகிறது.

படம் எடுப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்குப் படம் தேவை. சர்க்யூட் போர்டைக் கழற்றும் முன் எந்த நிற ஒயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது தவறு நேராது. தேய்ந்துபோன வாஷரை, உடைந்த வால்வைப் படம் பிடித்துக் கடைக்குக் காட்டினால் சரியான உதிரிபாகம் ஒரே நடையில் கிடைக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். உத்தரவாதத்துக்கு நிறுவனம் அந்தப் படத்தைக் கேட்கும். சுவரில் முன்பே கறை இருந்தது என்பதற்கும் படம்தான் சாட்சி. பொய்ப் பழி சுமத்தப்பட்டுச் சம்பளத்தை இழந்த பையன்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தப் படம் ஒரு பாதுகாப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செயலி வழியாக வேலை கொடுக்கும் நிறுவனங்களில், வேலைக்கு முன் ஒரு படமும் வேலைக்குப் பின் ஒரு படமும் ஏற்றினால்தான் வேலை முடிந்ததாகவே கணக்கு. படம் இல்லாவிட்டால் கூலி நிற்கும். ஆகவே கோபத்தை ஏணியில் நிற்கும் பையன் மீது காட்டுவது நியாயமில்லை. படம் கேட்கும் மேலிடத்தைத்தான் நாம் கேட்க வேண்டும்: அந்தப் படம் எங்கே போகிறது? யார் பார்க்கிறார்கள்? எப்போது அழிக்கிறீர்கள்?

இனி அந்தப் படத்துக்குள் கொஞ்சம் பார்ப்போம். எடுத்தது ஏசியைத்தான். ஆனால் நான்கடி தள்ளி நின்று எடுத்த படத்தில் ஏசி மட்டும் இருக்காது. பீரோ இருக்கும். பீரோவின் கண்ணாடியில், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் உருவம் தெரியும். மேசையில் மாத்திரை அட்டைகள் இருக்கும். அதைக் கொண்டே வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று சொல்லிவிடலாம். ஆணியில் தொங்கும் பள்ளி அடையாள அட்டையில் குழந்தையின் பெயரும் வகுப்பும் இருக்கும். வைஃபை பெட்டியின் ஸ்டிக்கரில் கடவுச்சொல் அச்சாகியிருக்கும். நாள்காட்டியில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்று தேதியை வட்டமிட்டு எழுதியிருப்பார்கள். ஜன்னல் கம்பி எவ்வளவு தடிமன், கதவில் எந்த வகைத் தாழ்ப்பாள் என்பதும் தெரியும்.

சாவியைக்கூட விட்டுவைக்க முடியாது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு சோதனை செய்தார்கள். மேசைமீது கிடந்த சாவிக்கொத்தை, 195 அடி தூரத்திலிருந்த ஒரு மாடியில் நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைக் கணினியில் ஆராய்ந்து, சாவியின் வெட்டுகளை அப்படியே கணக்கிட்டுவிட்டார்கள். அதற்கே நல்ல லென்ஸ் வேண்டியிருந்தது. சுவரில் மாட்டிய சாவிக்கு நான்கடியில் நின்று எடுக்க இன்றைய சாதாரண போன் போதும்.

கண்ணுக்குத் தெரியாத செய்தியும் படத்தோடு சேர்ந்து போகிறது. கேமராவில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எந்த நாள், எந்த நேரம், பூமியில் எந்த இடம் என்பதெல்லாம் படக் கோப்பிலேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடுகின்றன. அதையே ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். மெக்கானிக்கிடம் உங்கள் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் முன்பே இருக்கின்றன. அவற்றோடு வீட்டின் உட்புறமும் சேர்ந்துவிட்டால், தவறான ஒருவர் கையில் சிக்கும்போது அதன் பொருளே வேறு.

தவறான கை என்றால் அந்தப் பையனின் கை என்று எண்ண வேண்டாம். படம் அவனிடமிருந்து மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. குழுவில் முப்பது பேர் இருந்தால், தானாகப் பதிவிறங்கும் வசதி திறந்திருக்கும் ஒவ்வொரு போனிலும் உங்கள் படுக்கையறை சேமிப்பாகிறது. வீட்டுக்குப் போனதும் அந்தப் போனில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். திரை உடைந்தால் பழுது பார்க்கக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடத்தில் பழைய போனாக விற்றுவிடுகிறார்கள். கூகுள் கணக்கில் காப்பு எடுக்கும் வசதி திறந்திருந்தால், போனை மாற்றினாலும் படம் கூடவே வரும்.

ரூம்பா என்று தரையைச் சுத்தம் செய்யும் ஒரு ரோபோ இருக்கிறது. அதன் சோதனை வடிவங்கள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் சமூக ஊடகக் குழுக்களில் பரவியதை 2022 டிசம்பரில் ஒரு அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ் வெளிக்கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று கழிப்பறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படம். படங்களைத் தரம் பிரிக்கும் கூலி வேலை வெனிசுவேலாவில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது, பரவியது அங்கிருந்து. ரோபோ தகவல் சேகரிக்கும் என்பதற்கு அந்த வீட்டார் ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று நிறுவனம் சொன்னது. ஒப்புக்கொண்டிருக்கலாம். இன்னொரு நாட்டில், இன்னொரு நிறுவனத்தின் கூலிக்காரர் திரை வரை படம் போய் நிற்கும் என்று யார் எண்ணியிருப்பார்கள்? சரி என்று தலையாட்டுவது எதற்காக, யார் வரைக்கும் என்பதைச் சொல்லாமல் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதம் என்றே எண்ணவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1994-இல் இதைத் தெளிவாகப் பேசியது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கு, ஒரு சிறைக் கைதியின் தன்வரலாற்றைப் பத்திரிகை வெளியிடலாமா என்பது பற்றியது. ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் குடும்பம், திருமணம், தாய்மை முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தார்கள்.

தண்டனைச் சட்டமும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஆனால் பீரோவும் மாத்திரை அட்டையும் குழந்தையின் அடையாள அட்டையும் இந்தப் பிரிவுகளுக்குள் வராது. உங்கள் படுக்கையறைப் படம் ஒரு விளம்பர ரீலில் வந்துவிட்டால், இந்த இரண்டு பிரிவுகளை மட்டும் நம்பிக் காவல் நிலையம் போனால் வழி கிடைப்பது கடினம்.

அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சம்மதத்தின் பேரில் தகவலை எடுத்தால், எதற்கு என்று முன்கூட்டியே ஓர் அறிவிப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வேலை முடிந்து தேவை தீர்ந்துவிட்டால் அழிக்க வேண்டும். மீறல்களுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி வேறு: அந்த அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதில் தமிழும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் ஓடும் நிபந்தனைக்குக் கீழே விரலை வைக்கச் சொல்லும் காலம் முடிய வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிலைதான் என்னை அதிகம் வருத்துகிறது. குடியிருப்பவர் காலி செய்வதற்குள்ளாகவே தரகர் வந்து அறை அறையாக வீடியோ எடுத்துக்கொண்டு போகிறார். கொடியில் உலரும் துணி, சமையலறைப் பாத்திரம், தூளியில் தூங்கும் குழந்தை எல்லாவற்றோடும் அது பல குழுக்களில் சுற்றுகிறது. வீடு உரிமையாளருடையது. உள்ளே நடக்கும் வாழ்க்கை குடியிருப்பவருடையது. இந்த வேறுபாடு பல உரிமையாளர்களுக்குத் தெரிவதே இல்லை. ஒற்றை அறை வீடுகளில் இது இன்னும் கொடுமை. பெரிய வீட்டில் படம் எடுத்தால் ஒரு அறை தெரியும். ஒற்றை அறையில் அடுப்பும் சாமி படமும் பாயும் துணிப்பெட்டியும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். ஒதுங்க மூலை இல்லாதவர்களிடம் இன்னும் இரு மடங்கு பணிவோடு கேட்க வேண்டும் என்பேன்.

என் மாணவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் வாயைத் திறந்து கேள்: “அம்மா, இந்த போர்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா? கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.” அனுமதி கிடைத்த பிறகு போனை எடு. பொருளுக்கு அருகில் போய் எடு. தூர நின்று எடுக்காதே. பின்னால் ஏதாவது தெரிந்தால் ஒரு துணியைப் பிடிக்கச் சொல். எடுத்ததை அவரிடம் காட்டு. வேலை முடிந்ததும் அவர் எதிரிலேயே அழி. அழிப்பது என்றால் ஒருமுறை அழுத்துவது மட்டும் அல்ல. ஐபோனில் நீக்கிய படம் 30 நாள் வரை வேறொரு தொகுப்பில் கிடக்கும், கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படம் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும். அங்கேயும் போய் அழி. விளம்பரத்துக்கு ஒரு படம் வேண்டுமானால் அதைத் தனியாகக் கேள். பழுதுக்குக் கிடைத்த சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது.

இதைவிட நல்ல வழியும் உண்டு. வாடிக்கையாளரின் போனிலேயே படம் எடுக்கச் சொல்லிவிடலாம். தேவையானதை மட்டும் அவரே அனுப்புவார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளில் இது மிகவும் பயன்படுகிறது. வேலை எப்படி நடந்தது என்று மகன் படம் கேட்பது வழக்கம். அது அப்பாவின் போனிலிருந்து மகனுக்குப் போனால் போதும்; நடுவில் மூன்றாமவர் எதற்கு?

வீட்டில் இருப்பவர்களுக்கு: மெக்கானிக் வரும் முன் வீட்டையே துடைத்து அடுக்க வேண்டிய அவசியம் இல்லை. மாத்திரை, சாவி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இவற்றை மட்டும் எடுத்து வைத்தால் போதும். “எதற்குப் படம், யாருக்குப் போகும்?” என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லலாம். வேலையை நிறுத்துவோம் என்று நிறுவனம் மிரட்டினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அந்தரங்கமான படம் பரவிவிட்டதென்றால் பதறி அதை அழிக்காதீர்கள். இணைப்பையும் தேதியையும் திரைப்பதிவாக எடுத்து வைத்துக்கொண்டு, சைபர் குற்றத்துக்கான தேசிய இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

சர்வீஸ் கடை நடத்துகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் ஜாப் கார்டின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல், தமிழில் மூன்று வரி அச்சிடுங்கள்: ‘பழுதான பகுதியை மட்டும் படம் எடுப்போம். உத்தரவாதம் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். இத்தனை நாளில் அழித்துவிடுவோம்.’ நாள் எத்தனை என்பதை நீங்களே நிரப்புங்கள். அந்தத் தேதிக்குள் உண்மையாகவே அழிக்கும் பொறுப்பைக் கடையில் ஒருவரிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப் படம் போடுவதை இன்று மாலையே நிறுத்திவிடலாம்.

வணக்கம்.