58, 55, 52: வயதுக்கு ஏற்ப ஸ்லாலம் வேகத்தை இறக்குவது எப்படி?

[காட்சி: மேலிருந்து ஸ்லாலம் பாதை. படகு நடுவில் நேராகப் போகிறது. இருபுறமும் மூன்று மூன்று மிதவைகள்.]

படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றிப் போவதுதான் ஸ்லாலம் வாட்டர் ஸ்கீயிங். அதில் பாதை யாருக்காகவும் மாறாது. நுழைவு வாசலில் இருந்து வெளியேறும் வாசல் வரை 259 மீட்டர். இடையில் ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டில் இருந்து 11.5 மீட்டர் தள்ளி. ஒரு மிதவைக்கும் அடுத்ததற்கும் நீளவாக்கில் 41 மீட்டர். இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் இதே அளவுதான். மாற்றிக்கொள்ள முடிந்தவை இரண்டு: படகின் வேகம், கயிற்றின் நீளம்.

வயது ஏறும்போது முதலில் கை வைக்க வேண்டியது வேகத்தில். ஆனால் வேகத்தை மட்டும் இறக்கிவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே விட்டால், ஓட்டம் முன்பைவிட மோசமாகத்தான் வரும். ஏன் என்று பார்ப்போம்.

[காட்சி: திரையில் வேகம், மிதவைக்கு மிதவை நேரம்.]

ஆண்களுக்கான உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அமெரிக்க வயதுப் பிரிவுகளில் 35 வயது ஆனதும் ஆண்களுக்கும் உச்சம் 55 ஆகிவிடும். மூத்த பிரிவுகளில் அது 52, 49 என்று இன்னும் இறங்கும். 58-இல் ஒரு மிதவையில் இருந்து அடுத்ததற்குப் படகு போக எடுப்பது 2.55 விநாடி. 55-இல் 2.68. 52-இல் 2.84. 49-இல் 3.01. பார்க்க அற்பமான வித்தியாசம். ஆனால் விழும்போது உடம்பு வாங்குகிற ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 58-இல் இருப்பதை 100 என்று வைத்தால் 55-இல் அது 90, 52-இல் 80, 49-இல் 71. மூன்று கிலோமீட்டர் குறைத்தாலே அடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

உடம்பின் பக்கம் நடப்பது இது. முப்பதுக்குப் பிறகு தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்கும். அதிலும் சட்டென்று சுருங்கும் வேக இழைகள்தான் அதிகம் மெலியும். அதனால் 'பலம்' குறைவதற்கு முன்பே 'பலத்தை உடனே எடுத்துக் கொடுப்பது' குறைந்துவிடும். ஜிம்மில் அதே எடையைத் தூக்குகிற ஒருவர், திருப்பம் முடிந்து கயிறு இறுகும் அந்தக் கணத்தில் மட்டும் இடுப்பு மடிந்து முன்னால் இழுபடுவது இதனால்தான். அவர் சோம்பல்பட்டார் என்று நினைக்க வேண்டாம். தசைக்கு வந்து சேர நேரம் போதவில்லை. படகை மெதுவாக்குவது அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

[காட்சி: ஸ்கீயின் பக்கவாட்டுத் தோற்றம். தண்ணீர் மட்டம் வேகத்தோடு ஏறி இறங்குகிறது.]

இப்போது ஸ்கீ. தண்ணீர் ஸ்கீயைத் தூக்குகிற விசையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான். 55-இல் இருந்து 52-க்கு வந்தால், அதே ஆளை அதே உயரத்தில் மிதக்க வைக்க ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் பரப்பு வேண்டும். பழைய ஸ்கீயிலேயே நின்றால் அது ஆழமாக அமிழும், இழுவை கூடும், திருப்பத்தின் முடிவில் வால் புதைந்து நின்றுவிடும். எழுந்து வருவதற்குள் படகு போயிருக்கும். வேகத்தை இறக்கியவர்கள் "மெதுவாகப் போனால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது" என்று சொல்வதன் பாதிக் காரணம் இது. தயாரிப்பாளரின் எடை அட்டவணையில் உங்கள் எடைக்கு நேராக உள்ள பழைய அளவைப் பார்க்காதீர்கள்; புதிய வேகத்துக்கான வரிசையைப் பாருங்கள். ஒரு அளவு பெரிய ஸ்கீ, அல்லது அதே நீளத்தில் அகலமான வகை. 52-க்கும் கீழே போகிறவர்களுக்கு அகலமான வகையே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஸ்கீயின் வால் பக்கம் அடியில் நிற்கும் தகடான ஃபின்னில் இருக்கும் சிறகையும் மறக்கக் கூடாது. மிதவைக்கு முன் ஸ்கீயின் வேகத்தை அடக்குவது அதன் வேலை. பலர் 7 முதல் 9 பாகை கோணத்தில் வைத்திருப்பார்கள். மெதுவான வேகத்தில் அடக்குவதற்கே வேகம் இல்லை. முதலில் ஒன்றிரண்டு பாகை குறையுங்கள். 49-க்குக் கீழே கழற்றியே வைக்கலாம். மாற்றம் எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஃபின், சிறகு, பாதத்தைப் பிடித்திருக்கும் பைண்டிங் மூன்றையும் ஒரே நாளில் நகர்த்தினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தொடுவதற்கு முன் பழைய அளவைக் காலிப்பரில் எடுத்துக் குறித்து வையுங்கள்.

[காட்சி: நுழைவு வாசலுக்கு 55 மீட்டர் முன்னால் உள்ள மிதவைகள். படகு அவற்றைக் கடக்கிறது.]

அதிகம் தவறு நடக்கும் இடம் வாசல். நுழைவு வாசலுக்கு 55 மீட்டர் முன்னால் ஒரு ஜோடி மிதவை இருக்கும். வாசலுக்குள் வெட்டுவதற்கு முன் ஸ்கீயர் படகின் பக்கவாட்டில் அகலமாக வெளியே ஒதுங்க வேண்டும். அந்த மிதவைகளை வைத்துத்தான் பெரும்பாலோர் அதற்கான நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த 55 மீட்டரைப் படகு 58-இல் 3.4 விநாடியில் கடக்கும், 52-இல் 3.8 விநாடியில். பழைய இடத்திலேயே ஒதுங்கினால் 0.4 விநாடி முன்கூட்டி வெளியே போய்விடுவீர்கள். அகலத்தில் போய் நிற்பீர்கள், கயிறு தளரும், ஸ்கீ அமிழும், பிறகு அவசரமாக உள்ளே வெட்டுவீர்கள். முதல் மிதவையிலேயே தாமதம். 0.4 விநாடியில் படகு சுமார் 6 மீட்டர் நகர்ந்துவிடும். ஆனால் ஒரேயடியாக 6 மீட்டர் தள்ளிப் போட வேண்டாம். நீங்கள் ஒதுங்கும் வேகமும் குறைந்திருக்கும் அல்லவா? 3 மீட்டர் தள்ளித் தொடங்கி, கயிறு தளராமல் உள்ளே திரும்ப முடிகிற இடத்தைத் தேடுங்கள்.

திருப்பத்தில் நடக்கும் பிழை இதற்கு நேர் எதிர். நேரம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் மிதவைக்கு முன்பே ஸ்கீயைக் குத்தித் திருப்புவார்கள். முனை உள்ளே போகும், கயிறு ஒரு மீட்டர் தளரும், அடுத்த கணம் படகு அதை ஒரே இழுப்பில் இறுக்கும். முதுகும் முழங்கையும் கெடுவது இந்த இடத்தில்தான். கிடைத்த கூடுதல் நேரத்தைத் திருப்பத்தின் உள்ளே செலவழியுங்கள்: கைப்பிடியைப் பிடித்த கையை நிதானமாக நீட்டுங்கள், முழங்கால்கள் மடிந்தபடி ஸ்கீ உங்கள் அடியில் சுற்றி வரட்டும், கைப்பிடியை இடுப்புக்கு எடுத்த பிறகே சாயுங்கள். தளர்வு ஒரு மீட்டருக்கு மேல் தெரிந்து, இடுப்பும் மடிந்திருந்தால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். ஒரு மிதவையைக் காப்பாற்றப் போய் ஒரு பருவத்தை இழக்க வேண்டாம்.

அலைமேட்டையும் எதிர்பார்த்திருங்கள். வேகம் குறைந்தால் படகு விடும் மேடு உயரும். 16 மீட்டர் கயிற்றில், அதாவது கயிற்றைச் சுருக்குவதற்கான நிற வளையங்களில் ஆரஞ்சில், பல படகுகளில் அது நன்றாகத் தட்டும். முழங்காலை விறைக்காமல் கடக்க வேண்டும்.

[காட்சி: நிறக் கயிற்றின் வளையங்கள், ஒவ்வொன்றாக.]

கயிற்றைப் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. வேகத்தை இறக்கியதும் பலர் செய்வது, கயிற்றை உடனே ஒரு வளையம் சுருக்கிப் பழைய மதிப்பெண்ணைப் பிடிப்பது. 18.25, 16, 14.25, 13, 12 மீட்டர் என்று வரிசை போகிறது. அதற்கடுத்த 11.25-இல் கயிற்றை முழுவதும் பக்கவாட்டில் நீட்டினாலும் 11.5 மீட்டரில் உள்ள மிதவையை எட்டாது. மீதியை உடம்புதான் எட்டிப் பிடிக்கிறது. அதாவது வேகத்தில் மிச்சம் பிடித்த சுமையைக் கயிற்றின் வழியாக முதுகிலும் தோளிலும் திரும்பப் போடுகிறீர்கள். முதல் பருவம் முழுவதும் பழைய நீளத்திலேயே ஓடுங்கள். ஆறு மிதவையும் அவசரமில்லாமல் வரும்போது மட்டும் அடுத்த வளையம்.

[காட்சி: ஆழ்நீரில் இருந்து எழும் தொடக்கம், மெதுவாக.]

நடுவயதுக்கு மேற்பட்ட ஸ்கீயர்களின் பெரிய காயம் மிதவையில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஆழ்நீரில் இருந்து எழும்போதும் நடக்கும். இடுப்பு மடிந்திருக்க, தண்ணீரின் அழுத்தத்தில் முழங்கால் நிமிர்ந்துவிட்டால், தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் பிடித்திருக்கும் இடத்திலேயே கிழியலாம். வயதான தசைநாணில் இது சுலபமாக நேரும். முழங்கால் மார்பை ஒட்டி இருக்கட்டும். கைகள் நீண்டிருக்கட்டும், இழுக்க வேண்டாம். ஓட்டுநர் முதலில் மெதுவாகக் கயிற்றை இறுக்கி, பிறகு மூன்று நான்கு விநாடிகளில் படிப்படியாக வேகத்தைக் கொடுக்க வேண்டும். லீவரை ஒரே தள்ளாகத் தள்ளும் ஓட்டுநரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பிட்டத்தின் அடியில் ஏதோ அறுந்த மாதிரி உணர்ந்து, உட்கார முடியாமல், சில நாளில் தொடையின் பின்புறம் கருநீலமாக மாறினால் 'பிடிப்பு' என்று விட்டுவிடாதீர்கள். எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தசைநாண் முழுவதும் பிய்ந்திருந்தால், முதல் சில வாரங்களுக்குள் செய்யும் அறுவை சிகிச்சை பின்னால் செய்வதைவிட எளிது.

ஸ்கீ இல்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாள் அந்தத் தசைக்கே ஒதுக்குங்கள். முழங்காலைச் சற்று மடித்து, முதுகு நேராக, எடையை மெதுவாக இறக்கி ஏற்றும் ருமேனியன் டெட்லிஃப்ட், 6 முதல் 8 முறை, மூன்று சுற்று. இறக்குவதற்கு மூன்று விநாடி எடுங்கள். பலன் அந்தப் பகுதியில்தான்.

தண்ணீரில் ஒரு நேரத்துக்கு எட்டு ஓட்டம் போனவர் ஐந்தாகக் குறைக்கலாம். தொடக்க ஓட்டத்தை உச்ச வேகத்தில் இருந்து 6 கிலோமீட்டர் கீழே வையுங்கள். கடினமான நாளுக்கு அடுத்த நாள் ஓய்வு.

[காட்சி: படகின் வேகக் கட்டுப்பாட்டுத் திரை.]

கடைசியாக, எப்போது இறக்குவது? போட்டியில் படிகள் மூன்று மூன்று கிலோமீட்டராக இருந்தாலும், பயிற்சியில் படகின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு கிலோமீட்டராகவே இறக்கலாம். இரண்டு அறிகுறிகள் போதும். தொடக்க ஓட்டத்திலேயே மூன்றாவது மிதவைக்குத் தாமதமாகப் போகிறீர்கள். அல்லது, இரண்டு நாள் கழித்தும் கைப்பிடியைப் பிடித்தால் முன்கையில் வலி இருக்கிறது. ஏதாவது ஒன்று மூன்று வாரம் தொடர்ந்தால் ஒரு கிலோமீட்டர் குறையுங்கள். வாசல் நேரத்தை மறுபடி சரிபாருங்கள். நான்கைந்து நாள் அதே வேகத்தில் ஓடிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அடுத்த கிலோமீட்டரைக் குறையுங்கள்.