எங்கே போகிறாய் என்று கேட்காத பாலம்: புறொக்சி அணியின் உரை

நடுவர் அவர்களே, மட்டக்களப்புச் சபையோரே, வணக்கம். உள் கணினிகள் இணையத்துக்குப் போக இரண்டு வழி: ரவுட்டரே முகவரியை மாற்றி அனுப்பும் நாட் (NAT) ஒன்று, கோரிக்கையை வாங்கித் தானே வெளியே கேட்டுத் தரும் இடைக் கணினியான புறொக்சி (proxy) மற்றது. மென்பொருள் எழுதுபவருக்குப் பெரிதும் கைகொடுப்பது நாட் முறையா, புறொக்சியா? புறொக்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

“நாட் இருந்தால் நிரலில் ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லை” என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். 192.168.1.20 என்ற கணினி அனுப்பும் பொட்டலத்தில், அனுப்பியவர் முகவரியை அழித்து ரவுட்டர் தன் வெளி முகவரியையும், இணைப்பை அடையாளம் காட்டும் ஒரு போர்ட் எண்ணையும் எழுதி, அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் அந்த அட்டவணையைப் பார்த்து உரிய கணினிக்குக் கொடுக்கும். 1994இல் நாட் ஆவணமாக வெளிவந்ததே ஐபி முகவரித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கத்தான். அது நம் கல்லடிப் பாலம் மாதிரி. ஏறியவர் எல்லாரும் வாவியைக் கடக்கலாம். எங்கே போகிறாய் என்று பாலம் கேட்காது.

கேட்காததால் வரும் வில்லங்கத்தைப் பாருங்கள். உங்கள் சேர்வர் வெளியே உள்ள ஒரு சேவையை அதன் ஏபிஐ வழியாக அழைக்கிறது. பதில் தயாராக 7 நிமிடம். அமேசான் கிளவுட்டின் நாட் கேட்வே, 350 விநாடி போக்குவரத்து இல்லாவிட்டால் இணைப்பை மறந்துவிடும். லினக்ஸோ, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவைப் போட்டிருந்தாலும், மாற்றாமல் விட்டால் 7200 விநாடி கழித்துத்தான் முதல் சோதனையை அனுப்பும். ஏழாவது நிமிடம் வரும் பதிலுக்கு வழியில்லை. உங்கள் நிரலோ காத்துக்கொண்டே இருக்கிறது. நிரலை இரவெல்லாம் குடைவீர்கள், பிழை அங்கே இல்லை! கீப்அலைவை 200 விநாடிக்கு இறக்கினால் தீரும். ஆனால் அதை உங்களுக்கு யார் சொல்வது?

புறொக்சிக்கும் கால எல்லை உண்டு. ஆனால் அது எழுதிவைக்கும். ஸ்க்விட் என்ற புறொக்சி மென்பொருளின் அக்சஸ் லாக்கில், அதாவது பதிவேட்டில், ஒரே வரி: எத்தனை மில்லிவிநாடி திறந்திருந்தது, எந்தக் கணினி, எந்த டொமைன், எத்தனை பைட். தடுத்திருந்தால் 403, அதாவது அனுமதியில்லை, என்று முகத்துக்கு நேரே சொல்லும். மறைகுறியிட்ட எச்டிடிபிஎஸ் என்றாலும், வழி திறக்கச் சொல்லும் கனெக்ட் கோரிக்கையில் டொமைன் பெயர் தெரியும். உள்ளே இருப்பது பூட்டியபடியே போகும்.

“புறொக்சி வைத்தால் பாதிக் கருவி ஓடாது” என்பார் அடுத்து எழுபவர். ஓடும். கருவிகள் படிக்கும் அமைப்புகளான சூழல் மாறிகளில் புறொக்சியின் முகவரியையும் ஸ்க்விட்டின் 3128 போர்ட்டையும் கொடுங்கள். விலக்குப் பட்டியலில், உங்கள் கணினியையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட்டைச் சேருங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொந்தச் சோதனைச் சேர்வரே எட்டாது. நிர்வாகி உரிமையில் ஓட்டும் சூடோ கட்டளையைப் போட்டால் அந்த மாறிகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கர் சேவை உங்கள் டெர்மினல் மாறிகளைப் பார்க்காது. அதற்குத் தனியாக எழுத வேண்டும். அரை மணி வேலை, ஒரு தடவை.

நாட் முறையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வெளியே போகும் உரிமையைப் புறொக்சிக் கணினிக்கு மட்டும் கொடுத்து, மற்றவற்றை அதன் வழியாக அனுப்புங்கள் என்கிறோம்.

எதிரணியினர் எழுந்ததும் இதற்கு முதலில் பதில் தரட்டும்: நேற்று நிறுவிய ஒரு நிரல் நூலகம் இரவில் எந்த டொமைனுக்குத் தரவு அனுப்பியது என்று, உங்கள் நாட் அட்டவணையிலிருந்து இந்த மேடையில் காட்ட முடியுமா?