நீலகிரியில் மூன்று ‘பெ’

அவையோருக்கு வணக்கம். மலையில் பல மொழி இருந்தால், பாதை இல்லாததால் பிரிந்து போனார்கள் என்று சொல்லிவிடுவது வழக்கம். நீலகிரிக்கு அது பொருந்தாது. தோடரிடமிருந்து நெய், கோத்தரிடமிருந்து பானையும் இரும்புக் கருவியும், படுகரிடமிருந்து தானியம், குறும்பரிடமிருந்து காட்டுப் பொருள் என்று பல தலைமுறைகள் கொடுத்து வாங்கினார்கள். அப்படிப் பழகியும் அவரவர் பேச்சு அவரவரிடம் நின்றது. இன்ன ஆள் என்று காட்டும் அடையாளமே பேச்சுதான் என்பது என் கணிப்பு.

படுகர் பேசும் படுகு மொழியில் ஒன்றை மட்டும் பார்ப்போம். வாய், வளையல், விளைச்சல் மூன்றுக்கும் நம் காதில் ‘பெ’ என்றே விழும். வாய்க்கு நாக்கு சாதாரணமாக இருக்கும். வளையலுக்குக் கொஞ்சம் மடங்கும். விளைச்சலுக்கு நன்றாகவே மடங்கும். கன்னடத்தில் பளெ, பெளெ என்று ‘ள’ இருக்கிறதல்லவா? படுகில் அந்த மெய் உதிர்ந்தது, நாக்கின் மடிப்பு மட்டும் உயிரில் தங்கிவிட்டது. மொழியியலாளர் எமனோ 1939இல் இதை எழுதிவைத்தார். இன்று பெரும்பாலான பேச்சில் மடிப்பு தேய்ந்துவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மடிப்பைத் தேடாதீர்கள். 2011இல் படுகு பேசுவோர் சுமார் 1,33,000 பேர். அதையும் கன்னடத்துக்குள்தான் சேர்த்திருக்கிறார்கள்.

இந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்யப் போகிற மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “வளையலுக்கு என்ன சொல்வீங்க?” என்று தமிழில் கேட்கக் கூடாது. கேட்ட ‘ள’ பதிலுக்குள் நுழைந்துவிடும். வளையலைக் கையில் காட்டுங்கள். சொல்லைத் தனியாக ஒருமுறை, ஒரே வாக்கியத்துக்குள் வைத்து மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லும்போது ஆள் கவனமாகிவிடுவார், வாக்கியத்துக்குள்தான் இயல்பு வரும். பாட்டியையும் பேத்தியையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்வார். ஒலிக்கோப்பு வேவ் (WAV) வடிவில் இருக்கட்டும். எம்பி3 நுண்ணிய அலைகளை வெட்டிவிடும்.

குறிப்பேட்டில் தமிழ் எழுத்து மட்டும் போதாது. மூன்று சொல்லும் ‘பெ’ என்றே பதிவாகும். அனைத்துலக ஒலியெழுத்தில் மடிப்புக்குத் தனிக் குறி இருக்கிறது, அதைப் போடுங்கள். பேத்தி மூன்றையும் ஒரே மாதிரி சொன்னால் திருத்தாதீர்கள். வயதையும் ஊரையும் பக்கத்தில் எழுதி, அப்படியே வையுங்கள்.